முந்நூறு தப்படி

தம்பி, சித்த நீங்க ஜன்னலோரம் நகந்து உக்காந்துக்கறீங்களா? எனக்கு இந்தப் பக்கமே போதுமுங்க. வாந்தியெல்லாம் ஒண்ணுமில்ல. இருவது நாளா ஜன்னலுக்கோ வாசலுக்கோ நேரா உக்காந்தா முதுகு குறுகுறுங்குது. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க. அவரு குறி எம்மேலதான்.

யாரு குறின்னு கேக்கறீங்களா? சொல்றேன். அதுக்கு முன்ன நீங்க ஒண்ணு சொல்லுங்க. பாரஸ்ட்டுல வேலையா உங்களுக்கு? இல்லியே? போலீசும் இல்லியே? பையில என்ன, மாத்திரை சாம்பிளா? அப்பச் செரி. மருந்துக்காரருகிட்ட எதையும் சொல்லலாம்.

நான் போலீசுக்குத்தான் போறேன். டவுன் ஸ்டேசன்ல எழுதிக் குடுத்துட்டு, இன்னிக்கு அங்கயே ஒரு சொந்தக்காரரு வீட்டுல படுத்துக்கறதுன்னு கெளம்பிட்டேன். இந்தச் சுருக்குப் பையக் கையில வாங்கிப் பாருங்க. கனமா இருக்குதில்ல? ஈயம். மூணு குண்டு. ஒண்ணு அடிபட்டு வடை மாதிரி ஆயிப்போச்சு, மத்தது ரெண்டும் ஓரம் நசுங்கியிருக்குது. மூணும் என்ற வீட்டு வாசல்ல பொறுக்கினது. மூணும் சுட்டது என்ற பொண்டாட்டியோட கூடப் பொறந்த அண்ணன். வெளிய சொன்னா வாயில போட்டுக்குவாங்க, அதான் ஊருல ஒருத்தருகிட்டயும் மூச்சு விடல.

எங்க ஊரு கரட்டடியில இருக்குதுங்க. நடுவால ஒரு ஓடை. ஓடைக்கு அக்கட்டாலே எங்க மச்சான் ராக்கியப்பன் காடு, இக்கட்டாலே என்ற காடு. ஓடைன்னா தாண்டற ஓடைன்னு நெனச்சுக்காதீங்க. ரெண்டாள் பள்ளம், பூராவும் முள்ளு. சுத்திக்கிட்டுப் பாலத்து வழியாத்தான் போவணும், ரெண்டு மைலு. ஆனா இக்கட்ட இருந்து பாத்தா அவரு உக்கார்ற பாறை மூக்குக்கு முன்னால தெரியும்.

எங்க ரெண்டு பேருகிட்டயும் துப்பாக்கி இருக்குது. ஏனுங்க இப்படி நகர்றீங்க, லைசென்சோடதான். பயிர்ப் பாதுகாப்புக்குன்னு குடுத்தது. குழல் வழியாக் கரிமருந்தப் போட்டு, ஈயக் குண்ட உள்ள விட்டு, குச்சியில இடிச்சுக் கெட்டிச்சுச் சுடற பழைய மாடல். ஒரு தடவ சுட்டா பொகையில முன்னால நிக்கற மாடு தெரியாது. பன்னிய வெரட்டறதுக்குத்தாங்க. ஆகாசத்தப் பாத்துச் சுடறது. சில சமயம் ஆகாசத்தப் பாத்துச் சுட்டது கீழ போயிரும், அத விடுங்க. நீங்க பாரஸ்ட் இல்லைன்னு நெசமாத்தான் சொன்னீங்க?

இந்தச் சமாச்சாரத்துல எங்க பக்கம் பத்து ஊருக்கு என்னைய அடிச்சுக்க ஆளு கெடையாது. பெருமைக்குச் சொல்லல. குண்டு நேராப் போவும்னுதான் எல்லாரும் நெனைக்கறாங்க. போவாதுங்க. காட்டுக்குத் தண்ணி பாய்ச்சற பைப்பத் தூக்கிப் பிடிச்சா தண்ணி வளைஞ்சு விழுதில்ல, அதே கதைதான். நூறு தப்படி வரைக்கும் நேராப் பிடிச்சாப் போதும். அதுக்கு மேல எறங்க ஆரம்பிக்கும். இருநூத்திப் பத்துல ரெண்டு முழம் எறங்கும். முந்நூறுல ஏழு முழம். தொலவு ஒரு பங்கு கூடினா எறக்கம் மூணு பங்கு கூடும், இது பல பேருக்குப் புரியாது. அப்ப என்ன பண்ணோணும்? எத்தன முழம் எறங்குமோ அத்தன முழம் மேல பிடிக்கோணும். தொலவு சரியாத் தெரிஞ்சாத்தான் எத்தன முழம்னு தெரியும். தொலவு தப்பாப் போச்சுன்னா எல்லாம் போச்சு.

எனக்குத் தொலவு தெரியும். பஞ்சத்து வருசம் ஓடை முள்ளெல்லாம் காஞ்சு கெடந்தப்ப கவுறு புடிச்சு அளந்து வெச்சவன் நான் ஒருத்தன்தான். மச்சான் பாறையில இருந்து எங்க ஓடைக்கரை இருநூத்திப் பத்து தப்படி. வேப்பமரம் இருநூத்தம்பது. எங்க வீட்டு வாசப்படி கரெக்டா முந்நூறு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

அந்த அளவ வெச்சுத்தான் ஒம்போது வருசமா ஜெயிச்சேன். மாட்டுப் பொங்கலுக்கு மறுநா எங்க ஊருல துப்பாக்கியில பானை சுடறது உண்டுங்க. மச்சான் பாறை மேல இருந்து லைசென்ஸ்காரங்க அத்தன பேரும் ஆளுக்கு ஒரு குண்டு. பானைக்குச் சுண்ணாம்பு அடிச்சு இக்கட்டாலே ஓடைக்கரையில கட்டி வெச்சிருக்கும். என்ற வீட்டுக்கு நேரா இல்லீங்க, அது தள்ளி வலத்தாலே, பின்னால கரடு இருக்கற எடமாப் பாத்து. பானைய ஒடைச்சவனுக்கு ஊருப் பெரியவரு தலப்பாக் கட்டி விடுவாரு. அந்த வருசம் பூரா நல்லது கெட்டது எதுன்னாலும் முதல் வெத்தல அவனுக்குத்தான். ஒம்போது வருசமா அந்த வெத்தல எனக்கு.

மச்சானுக்கு அவரு மாமனாரு துப்பாக்கி கைக்கு வந்தது அந்த மொத வருசந்தான். மனுசன் நல்ல கை. மூச்ச அடக்குனா ஈ உக்காந்தாலும் அசையாது. கால்தான் ஒண்ணு சரியில்ல, பனையில இருந்து விழுந்தது, பள்ளத்துல எறங்கி அளக்கறதெல்லாம் ஆவாது. என்கிட்ட வந்து, மாப்ள, உனக்குத்தான் தெரியும், ஓடைக்கரை எத்தன தப்படிடான்னாரு. என்ற வாயில முந்நூறுன்னு வந்துருச்சு. யோசிச்செல்லாம் சொல்லல. எதோ ஒரு நெம்பரு சொல்லோணும், வாயில இருந்த நெம்பரு அது. அவரு என்ற கையப் புடிச்சுக்கிட்டு, நீ சொன்னாச் செரியாத்தான் இருக்கும்னாரு.

என்னங்க அப்படிப் பாக்கறீங்க. வெளையாட்டுல இதெல்லாம் இல்லியா? அவரு ஏழு முழம் தூக்கிப் பிடிச்சுச் சுடுவாரு, குண்டு பானைக்கு மேலால போயிக் கரட்டுல மோதும். யாருக்கு என்ன நஷ்டம்? அவரும் தோத்துட்டுச் சிரிச்சுக்கிட்டேதான் போவாரு. இந்தப் பொங்கலுக்குத்தான் நான் கொஞ்சம் வாய விட்டுட்டேன். தலப்பாவக் கட்டிக்கிட்டு, மச்சானுக்குப் பானை வேண்டாம், அடுத்த வருசம் அண்டாவக் கட்டுங்கன்னேன். ஊரே சிரிச்சுது. அவரு சிரிக்கல. பாருடா மாப்ள, ஒரு நாளைக்கு நான் எறக்கிக் காட்டறேன்னாரு. அந்தப் பேச்சு இருக்குதே, அது இப்பவும் காதுல கேக்குது. அன்னிக்கு எனக்கு ஒறைக்கல.

இப்பச் சொல்றதக் கேளுங்க. இந்த வருசம் பன்னி அட்டூழியம். பொழுதோட ஆறு மணி ஆச்சுன்னா பள்ளத்துல இருந்து எங்க கரை மேல ஏறி, என்ற மக்காச்சோளத்த மிதிச்சுட்டு, அப்புறம் அவரு காட்டுக்குப் போயி மரவள்ளியத் தோண்டுது. அவருக்கு ரெண்டு ஏக்கரா மரவள்ளி போச்சு. அதனால தெனம் பாறையில உக்காந்து, எங்க கரையில பன்னி தலையக் காட்டற நேரம் பாத்து ஒரு வெடி. ஒரே ஒரு வெடிதான். எங்களுக்கும் அது நல்லதுதானேன்னு இருந்தேன்.

இருவது நாளைக்கு முன்ன ஒரு பொழுதோட, டம்முன்னு சத்தம் கேட்டுச்சு. பொறவு வாசக் கூட்டற எடத்துல பொத்துன்னு ஒண்ணு விழுந்து புழுதி பறந்துச்சு. போயிப் பாத்தா குண்டு. எடுத்துத் திருப்பிப் பாத்தேன். ஓரத்துல ஒரு சின்ன வடு. ஈயம் உருக்கி ஊத்தற என்ற அச்சுல வார்த்தா மட்டுந்தான் அந்த வடு விழும், அச்சு வாயில ஒரு எடத்துல பொறிஞ்சிருக்குது. அந்த அச்ச நான் இரவல் குடுத்தது ஒரே ஒருத்தருக்குத்தான். என்ற அச்சுல வார்த்து எனக்கே அனுப்பறாரு.

பத்து நாள் கழிச்சு ரெண்டாவது. இது தொட்டியில. மாட்டுத் தண்ணித்தொட்டி, வாசல்ல இருந்து நாலு எட்டு. தொட்டி வெடிச்சுத் தண்ணி பூராப் போச்சு. அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. மொதல்ல வாசலுக்கு அந்தாண்ட, அப்புறம் தொட்டி, அடுத்தது? கிட்டக் கிட்ட வருதுங்க. குறிகாரன் அப்படித்தான் பண்ணுவான். ஒண்ணு விட்டுப் பாப்பான், எங்க விழுதுன்னு கணக்குப் போடுவான், அடுத்ததக் கொஞ்சம் தூக்குவான். நானும் அப்படித்தான் பண்ணுவேன். அதனாலதான் பயமே. தெரியாதவன் சுட்டா பயமில்ல.

அன்னியில இருந்து நான் பொறவால மாடு கட்டற கட்டுத்தாரையிலதான் படுக்கறது, சாப்பிடறது எல்லாம். மாட்டுக்கு மறப்புல. வாசல் பக்கமே போவறதில்ல. என்ற சம்சாரம் பாவாயி தலையில அடிச்சுக்கறா. எங்கண்ணன் அப்படி ஆளில்ல, அந்தக் குண்டக் கொண்டுபோயி அவருகிட்டயே காட்டிக் கேளுங்கங்கறா. எப்படிங்க கேக்கறது? குண்டக் காட்டினா எங்க விழுந்துச்சும்பாரு, எத்தன தொலவும்பாரு, பேச்சு எங்கெங்கயோ போவும். வேண்டாம்னு விட்டேன்.

இதுல கூத்து என்னன்னா, மனுசன் நேர்ல பாத்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி பேசறாரு. என்ற பொண்ணு கோகிலா பிரசவத்துக்கு வந்திருக்கறா, இது எட்டாம் மாசம். போன வெள்ளிக்கெழம பொண்டாட்டியோட வந்து, தாய்மாமன் செய்யறதுன்னு அஞ்சு டசன் வளையலு போட்டுட்டுப் போனாரு. அவ கையப் புடிச்சு அவரே ஒவ்வொண்ணாப் போட்டு விட்டாரு. ஒண்ணு ஒடைஞ்சதுக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு அவருக்கு. நடிப்பு. வந்ததே வாசல நோட்டம் பாக்கறதுக்குத்தான்னு நான் கட்டுத்தாரையில இருந்து பாத்துக்கிட்டே இருந்தேன். தொட்டி எப்படி ஒடைஞ்சுதுன்னு வேற கேட்டாரு. மாடு முட்டிருச்சுன்னேன்.

அதுக்கும் முன்ன டீக்கடையில ஒரு நா, நாலு பேரு முன்னால எங்கிட்ட ரோசனை கேட்டாரு பாருங்க. மாப்ள, முந்நூறுக்குத்தான் பிடிக்கறேன், பன்னி மேல பட மாட்டேங்குது, புழுதி கூடப் பறக்க மாட்டேங்குது, உன்ற சோளம் வேற ஆளுசரம் நிக்குது, எங்க விழுதுன்னே தெரியலன்னாரு. நான் என்ன சொல்லுவேன்? முந்நூறுன்னு ஒரு தடவ சொல்லியாச்சு. பள்ளத்துலயே விழுந்துரும் மச்சான், மருந்து பத்தல, அரை அளவு சேத்திப் போடுங்க, இன்னுங் கொஞ்சம் தூக்குங்கன்னேன். வேற என்னத்தச் சொல்றது. வீட்டுப் பக்கம் வந்துருமோன்னு கூடக் கேட்டாருங்க அந்த மனுசன். அவரு கணக்குல கரை முந்நூறுன்னா என்ற வீடு நானூறுக்குக் கிட்ட. அத்தன தொலவு நம்ம குண்டு வராது மச்சான்னு நாந்தான் தைரியம் சொன்னேன். சொல்லிட்டு வந்த நாலாம் நாளு மொதக் குண்டு விழுது. பாத்துக்கங்க, எத்தன சாமர்த்தியம்.

மூணாவது முந்தாநா. இது வாசக்காலுல. நெலையில, தரையில இருந்து ரெண்டு முழம் மேல. மரம் பொளந்து குண்டு உள்ள புதைஞ்சு போச்சு, கடப்பாறை போட்டு எடுத்தேன். நான் வழக்கமா உக்காந்து வெத்தல போடற எடமுங்க அது. தலைக்கு நேரா. நான் அங்க உக்காந்திருந்தேன்னா இன்னிக்கு உங்க பக்கத்துல வேற ஆளு உக்காந்திருக்கும்.

கோகிலாவா? அவளுக்கு என்னங்க, அவ தண்ணி குடிக்க உள்ள போயிருந்தா. நான் கட்டுத்தாரைக்குப் போனதுல இருந்து பொழுதோட அவதான் அங்க உக்கார்றது. உள்ள புழுக்கம், வயித்துப்புள்ளைக்காரி, காத்துக்கு வந்து வாசப்படியில கால நீட்டிக்குவா. பாவாயி பின்னால உக்காந்து தலை பின்னி விடுவா. அவளுக்கு ஒண்ணும் ஆவாது தம்பி, அவ மேல அவருக்கு உசுரு. என்னையத்தான் எறக்கோணும்னு நிக்கறாரு. நான் ஊருல இல்லைன்னு தெரிஞ்சா அவரு எதுக்குச் சுடறாரு? அதுக்குத்தான் பஸ் ஸ்டாப்புல நாலு பேருக்குக் கேக்கற மாதிரி, டவுனுக்குப் போறேன், நாளைக்குத்தான் வருவேன்னு கத்திச் சொல்லிட்டு ஏறினேன்.

ஸ்டேசன்ல துப்பாக்கியப் புடுங்கிருவாங்கல்ல? புடுங்கிட்டா போதும் எனக்கு. அவர ஜெயில்ல போடச் சொல்லல. போட்டாங்கன்னாலும் நான் என்ன பண்றது, என்ற உசுரு எனக்கு. ஒரு யோசனைதான் இடிக்குது. குண்டு யாரு அச்சுன்னு கேட்டா என்ன சொல்றது?

என்ன கேட்டீங்க? பன்னி நிக்கற எடமா? எங்க ஓடைக்கரை. அதான் சொன்னேனே, இருநூத்திப் பத்து. அவரு எத்தனைன்னு நெனச்சுச் சுடறாரா? முந்நூறு. நாஞ் சொன்னதுதான். நெசமான முந்நூறு எதுவா? அது எங்க வாசலு.

ஏனுங்க வெரல விட்டு எண்ணறீங்க?

இருங்க. இருங்க தம்பி, சித்த இருங்க. ஏழு முழம் தூக்கறாரு. இருநூத்திப் பத்துல ரெண்டு முழந்தான் எறங்கும். பன்னி தலைக்கு மேல அஞ்சு முழத்துல போவுது. போயி நிக்குமா? நிக்காது. சோளத்துக்கு மேலால வந்து, வேப்பமரம் தாண்டி, எறங்கிக்கிட்டே வந்து... மருந்து வேற அரை அளவு சேத்திக்கச் சொன்னேன். இன்னும் தூக்கச் சொன்னேன். மத்த நாளெல்லாம் சோளத்துக்குள்ளயே விழுந்திருக்கும். புழுதி தெரியாம அவரு தூக்கத் தூக்க, தொட்டி, நெலை. அய்யோ.

அவரு என்னையச் சுடலீங்க தம்பி. அவரு பன்னியத்தான் சுடறாரு. நான் வீட்டுல இருந்தாலும் சுடுவாரு, இல்லாட்டியும் சுடுவாரு. ஆறு மணி ஆனா சுடுவாரு. மணி என்னங்க? அஞ்சே முக்காலா? கோகிலா இந்நேரம் வந்து உக்காந்திருப்பா. பாவாயிகிட்ட போன் இல்ல, கோகிலா போன உள்ள சார்ஜுல போட்டுட்டுத்தான் வெளிய வருவா. இப்ப எறங்கி ஓடினாக்கூட ஒரு மணி நேரம். கண்டக்டரு. ஏனுங் கண்டக்டரு. இல்ல, வேண்டாம், நிறுத்தி என்ன பண்றது.

மச்சான் நெம்பரு இருக்குது. போட்டா எடுப்பாரு. ஆனா என்னன்னு சொல்றது தம்பி? இன்னிக்கு மட்டும் சுடாதீங்கன்னா ஏன்டாம்பாரு. நாளைக்கு? பன்னி செனையா இருக்குதுன்னு சொல்லலாமா? வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கறாங்கன்னு? நானூறு தப்படிக்கு அந்தாண்ட விருந்தாளி இருந்தா எனக்கென்னம்பாரு. ஒம்போது வருசம் தலப்பா. ஊருல நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வெத்தல வாங்குவேன். நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், உங்க மூஞ்சியே சொல்லுது. போடறேன். இருங்க, இந்தப் பட்டன் சின்னதா இருக்குது. நீங்களே அமுக்குங்க. ரா-வுல பாருங்க.

அடிக்குது. எடுக்கல. ஏனுங்க எடுக்க மாட்டேங்கறாரு. சத்தம் கேட்டாப் பன்னி ஓடிரும்னு வெச்சுட்டாரோ. மறுக்காப் போடுங்க.

அலோ. மச்சான். மச்சான், சுட்டுப்போட்டீங்களா? இல்லியா? மருந்து கெட்டிச்சு வெச்சிருக்கறீங்களா. கையில இருந்து எறக்கி வைங்க. பன்னி ஏறட்டும், ஏறித் தின்னட்டும், என்ற சோளந்தானே. மொதல்ல கீழ வைங்க. வெச்சாச்சா? பாறை மேலயே வெச்சாச்சா? கோகிலா பேரச் சொல்லிச் சொல்லுங்க.

இருநூத்திப் பத்து மச்சான். எங்க ஓடைக்கரை. முந்நூறு இல்ல. இல்ல, மறந்து சொல்லல. அளந்தது நாந்தானே. தெரிஞ்சேதான் சொன்னேன். மொத வருசமே தெரியும்.

சிரிக்கறாருங்க தம்பி. அட நாசமாப் போறவனே, ஒம்போது வருசமாடான்னு சிரிக்கறாரு. அடுத்த பொங்கலுக்கு நீ அண்டாவுல சுடுடாங்கறாரு. கோவமே இல்லீங்க அந்த மனுசனுக்கு. இருங்க, எதோ கேக்கறாரு.

சிரிப்பு நின்னு போச்சு. ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறாரு. அப்ப என்ற குண்டெல்லாம் இத்தன நாளா எங்க மாப்ள போயி விழுந்துச்சுங்கறாரு.

மாப்ள, மாப்ளன்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கறாரு. இந்தாங்க தம்பி, போன நீங்க வாங்கிச் சொல்லுங்க.